ஊர் வீட்டுக் கேமரா: சென்னையிலிருந்து நாம் பார்க்கலாம், கண்டவரும் பார்க்காதபடி

சேரன்மகாதேவியை அடுத்த ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. அப்பா போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், நான் சென்னையில். 2022-இல் நான்கு கேமராவும், அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டியும் மாட்டினோம். மாட்டியவர் என் போனில் ஒரு ஆப்பைப் போட்டுத் திறந்து காட்டினார். முற்றம் தெரிந்தது, தொழுவம் தெரிந்தது, தெருவாசல் தெரிந்தது. "தெரியுதுல்லா தம்பி, பொறவு என்ன?" என்றார். எனக்கும் அப்போது அது போதுமாக இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெட்டியில் 'லாக்' என்ற பகுதியைத் திறந்து பார்த்தேன். யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வர முயன்றார்கள் என்று அது குறித்து வைக்கும். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி என்று வீட்டில் யாரும் விழித்திருக்காத நேரங்களில், எந்த நாடென்றே தெரியாத முகவரிகளிலிருந்து லாகின் முயற்சிகள். பக்கம் பக்கமாக. பழைய பதிவுகளை அந்தப் பெட்டி தானாகவே அழித்துக்கொண்டு வந்ததால், அதற்கு முன்னால் யாராவது உள்ளே வந்து போனார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து தலை உலர்த்துவதை முன்பின் தெரியாத ஒருவன் பார்த்திருக்கலாம். அந்த நினைப்பில் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு படித்து, செய்து, சரிப்படுத்தியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ரவுட்டரை மாற்றப் போனால், ஒரு தவறான சொடுக்கில் உங்களையே வெளியே பூட்டிக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டை யார் தேடி வரப் போகிறார்கள்?

அம்மா இதைத்தான் கேட்டாள். "நம்ம வீட்டுல என்ன இருக்குன்னு வாரான்?" நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், அவன் நம் வீட்டைத் தேடி வரவில்லை. எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே போகிறான், திறந்திருப்பதில் நுழைகிறான். பழைய முறை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட வாசல் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட அதனால் முடிந்தது. சேரன்மகாதேவியும் நியூயார்க்கும் அதற்கு ஒன்றுதான்.

2016-இல் மிராய் என்ற தீம்பொருள் இப்படித்தான் பரவியது. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள் ஆகியவற்றுக்குள் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்ட் ஜோடிகளை மட்டும் போட்டுப் பார்த்து நுழைந்தது. அந்தப் பெட்டிகளையே படையாகத் திரட்டி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ஒரு தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் வேலை அதனுடையது. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் போயின. படம் பார்ப்பது மட்டுமல்ல, நம் பெட்டியை வைத்து இன்னொருவரைத் தாக்கவும் செய்வார்கள்.

முதலில், திறந்து கிடப்பதை மூடுங்கள்

கேமரா மாட்ட வருபவர்களில் சிலர் சுலபமான வழி என்று 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்துவிட்டுப் போகிறார்கள். வெளியிலிருந்து ஒரு எண்ணுள்ள வாசலைத் தட்டினால், ரவுட்டர் கேள்வி கேட்காமல் நேராக டிவிஆரிடம் கொண்டுபோய் விடும். புறவாசலைத் திறந்து போட்டு, ஆள் வைக்காமல் போவது மாதிரி.

வீட்டு வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும். உள்ளே போனதும் 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பக்கத்தைத் தேடுங்கள். அங்கே 80, 554, 8000, 37777 போன்ற எண்கள் இருந்தால் அவை கேமராவுக்காகத் திறந்தவையாக இருக்கும். எல்லாவற்றையும் அழியுங்கள். 'டிஎம்இஸட்' என்று ஒன்று இருக்கும், அதில் டிவிஆரின் முகவரி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது ஒரு வாசல் அல்ல, எல்லா வாசலையும் திறந்து விடுவது.

அடுத்தது 'யூபிஎன்பி'. இது இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் மூடிய வாசலை டிவிஆர் ரவுட்டரிடம் சொல்லித் தானே திரும்பத் திறந்துகொள்ளும். ரவுட்டரிலும் நிறுத்துங்கள், டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்திலும் நிறுத்துங்கள். ரவுட்டரில், வெளியிலிருந்து அதன் செட்டிங்ஸை மாற்ற விடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்', பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேர விடும் 'டபிள்யூபிஎஸ்' இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் சில ரவுட்டர்களில் இந்தப் பக்கங்களைப் பூட்டி வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் போன் செய்து கேளுங்கள். தயங்க வேண்டாம், மாதாமாதம் பணம் கட்டுகிறோம்.

பெட்டியின் பாஸ்வேர்ட்

டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பதினான்கு எழுத்துக்குக் குறையாமல், ஊர்ப் பெயரோ பிறந்த வருடமோ இல்லாமல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுவது நினைவில் நிற்கும். ரவுட்டருக்கு வேறு, டிவிஆருக்கு வேறு. இதைத் தாளில் எழுதி பீரோவில் பூட்டி வைப்பதில் தப்பே இல்லை. ரவுட்டரின் முதுகில் ஒட்டி வைப்பதுதான் தப்பு, வீட்டுக்கு வருகிற யாரும் படித்துவிடலாம்.

யூசர் பட்டியலைப் பாருங்கள். மாட்டியவர் தன் வசதிக்கு ஒரு பெயரைப் போட்டு வைத்திருந்தால் நீக்குங்கள். அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல, ஐம்பது வீட்டுக்கு அவர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருக்கக்கூடும் என்பதற்காக. அக்காவும் சித்தப்பாவும் பார்க்க வேண்டுமென்றால் அட்மினைக் கொடுக்காதீர்கள், பார்க்க மட்டும் உரிமையுள்ள தனி யூசரை உருவாக்கிக் கொடுங்கள். பெட்டியின் நேரத்தையும் சரிபாருங்கள், இந்திய நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி கூடுதல் என்று இருக்க வேண்டும். திருட்டு என்று போலீசுக்குப் போகும்போது படத்தில் நேரம் தவறாக இருந்தால் பெரிய தலைவலி.

அப்புறம் ஃபர்ம்வேர். பாஸ்வேர்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் பெட்டியின் மென்பொருளில் ஓட்டை இருந்தால் பயனில்லை. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் என்ற கேமரா நிறுவனத்தின் தயாரிப்புகள் பலவற்றில் ஒரு ஓட்டை வெளிவந்தது. பாஸ்வேர்டே இல்லாமல், வெளியிலிருந்து பெட்டிக்குக் கட்டளை கொடுக்க முடிகிற ஓட்டை அது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அந்தத் திருத்தத்தைப் போடாமல், வாசலையும் திறந்து வைத்திருந்தவர்களுக்கு எந்தப் பாஸ்வேர்டும் காவல் இல்லை. வாசலை மூடுவதை நான் முதலில் சொன்னதும், பாஸ்வேர்டை இரண்டாவதாகச் சொன்னதும் இதனால்தான்.

வளவா, தனி வீடா?

சரி, மூடியாயிற்று. இனி நாம் மட்டும் எப்படி உள்ளே போவது? அதைச் சொல்வதற்கு முன் உங்கள் இணைப்பு எந்த வகை என்று தெரிய வேண்டும்.

பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன் பக்கம் வளவு வீடுகள் பார்த்திருப்பீர்கள். தெருவில் ஒரே வாசல், உள்ளே பத்துக் குடித்தனம். உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே போய் வரலாம். ஆனால் வெளியூர் ஆள் ஒருவர் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நின்றால், எந்தக் குடித்தனத்தைத் தேடி வந்தார் என்று சொல்ல முடியாது. இணைய நிறுவனங்கள் பலவும் முகவரிப் பற்றாக்குறையால் இப்படித்தான் செய்கின்றன. நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு வெளியே ஒரே முகவரி. இதற்கு 'சிஜிநாட்' என்று பெயர்.

கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஒரு எண் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அதே வைஃபையில் கூகுளில் உங்கள் ஐபி என்ன என்று தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தனி வீடு. வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் உள்ள எண் 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், நீங்கள் வளவுக்குள் இருக்கிறீர்கள். எங்கள் வீடு வளவுக்குள்தான் இருந்தது. அப்படியானால் பெட்டிக்கு வந்த முயற்சிகள் எப்படி என்று கேட்கலாம். 2023 கோடை வரை எங்களுக்குப் பழைய இணைப்பு, அதில் தனி முகவரி. ஃபைபர் மாற்றிய பிறகுதான் வளவுக்குள் வந்தோம்.

தனி வீட்டுக்காரர்களுக்கு வழி: உங்கள் ரவுட்டரில் 'விபிஎன் சர்வர்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் மறையாக்கத்தோடு வரும் தனிப் பாதைதான் விபிஎன். அதில் வயர்கார்டு என்ற வகை இருந்தால் அதையே எடுங்கள். 2020-இல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையத்திலேயே சேர்க்கப்பட்ட, சிறிய, நம்பகமான முறை அது. எனக்கு அதில் பிடித்த குணம் ஒன்று உண்டு: சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. தட்டுகிறவனுக்கு அங்கே வாசல் இருப்பதே தெரியாது. சர்வரை இயக்கி, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனிச் சாவி உருவாக்கி, ரவுட்டர் காட்டும் க்யூஆர் கோடைப் போனில் வயர்கார்டு ஆப்பால் ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது. உங்கள் முகவரி அடிக்கடி மாறும் என்பதால் ரவுட்டரில் 'டிடிஎன்எஸ்' பகுதியில் ஒரு நிலையான பெயரையும் பதிந்துகொள்ளுங்கள்.

வளவுக்காரர்களுக்கு இது நடக்காது. உள்ளிருந்து ஒருவர் வெளியே வந்து கைகொடுத்து அழைத்துப்போக வேண்டும். அந்த ஒருவர்தான் நான் வைத்த சின்னக் கம்ப்யூட்டர்.

இரண்டுக்கும் நேரமில்லை, பழக்கமில்லை என்பவர்கள் டிவிஆர் நிறுவனத்தின் சொந்த ஆப் வழியாக, பெட்டியில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்க்கும் முறையை வைத்துக்கொள்ளலாம். படம் அவர்கள் சர்வரின் துணையோடு வருகிறது, அந்த அளவு நம்பிக்கையை அவர்களிடம் வைக்கிறோம். ஆனாலும் வாசலைத் திறந்து போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆப் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும், படத்துக்கான மறையாக்கக் குறியீட்டையும் இயக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே எண் வேண்டாம்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, இரண்டு சாயங்காலம் போயின. சென்னை வீட்டு ரவுட்டரும் 192.168.1.1, ஊர் ரவுட்டரும் 192.168.1.1. எல்லாம் அமைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால் முற்றம் தெரிகிறது, வீட்டு வைஃபைக்கு மாறினால் மறைகிறது. காரணம் பிறகுதான் புரிந்தது. டிவிஆரின் முகவரியைக் கேட்டதும் போன் அதைச் சென்னை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. இரண்டு ஊரிலும் ஒரே பெயரில் தெரு இருந்தால், கேட்கிறவர் பக்கத்தில் இருப்பதைத்தானே காட்டுவார்.

ஆகவே விபிஎன் பக்கம் போவதற்கு முன்பே ஊர் ரவுட்டரின் 'லேன்' பக்கத்தில் எண்ணை மாற்றுங்கள். நான் 192.168.57.1 என்று வைத்தேன். யாரும் சாதாரணமாக வைக்காத ஒரு எண்ணாக இருந்தால் போதும். மாற்றியதும் எல்லாக் கருவிகளும் ஒருமுறை துண்டித்து இணையும். டிவிஆருக்குக் கையால் எண் போட்டிருந்தால் அதையும் புதிய வரிசைக்கு மாற்றி, எப்போதும் மாறாதபடி 192.168.57.20 என்று ஒதுக்கிவிடுங்கள்.

சின்னக் கம்ப்யூட்டர்

ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். நம் வேலைக்குப் பழைய மாடலே தாராளம். அதன் மெமரி கார்டை எழுத ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எழுதுவதற்கு முன் அதன் செட்டிங்ஸில் யூசர் பெயரைக் கொடுங்கள். பழைய காலத்தில் எல்லாப் பைக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் இருந்தது, 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். மானிட்டர், கீபோர்டு இல்லாமல் இதை இயக்கப் போவதால் எஸ்எஸ்ஹெச்சை இயக்க வேண்டும்.

எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள் மறையாக்கத்தோடு நுழையும் வழி. 1995-இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, அங்கிருந்த டாட்டு யூலோனென் எழுதியது. அதற்கு முன் இருந்த டெல்நெட்டில் பாஸ்வேர்ட் திறந்த தபால் அட்டை மாதிரிப் போகும், வழியில் உள்ள எவரும் படிக்கலாம். உங்கள் ரவுட்டரிலோ டிவிஆரிலோ டெல்நெட் இயங்கிக்கொண்டிருந்தால் இப்போதே அணையுங்கள்.

எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி ஜோடியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து எஸ்எஸ்ஹெச்-கீஜென் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டு கோப்புகள் உருவாகும். 'பப்' என்று பெயர் முடிவது பூட்டு, மற்றது சாவி. பூட்டை யாரிடமும் கொடுக்கலாம். சாவி உங்கள் லேப்டாப்பை விட்டு எங்கேயும் போகக் கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கவும் கூடாது. சாவிக்கு ஒரு கடவுத்தொடரும் கேட்கும், காலியாக விடாதீர்கள். இமேஜரில் 'பப்ளிக் கீ மட்டும் அனுமதி' என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து, பூட்டுக் கோப்பில் உள்ள வரியை அப்படியே ஒட்டிவிடுங்கள். இனி உலகத்தில் எந்தப் பாஸ்வேர்டாலும் எஸ்எஸ்ஹெச் வழியாக இந்தப் பைக்குள் நுழைய முடியாது.

முதல் முறை இணையும்போது நீளமான ஒரு கைரேகையைக் காட்டி ஏற்கலாமா என்று கேட்கும். வீட்டுக்குள் இருந்து இணைவதால் ஏற்றுக்கொள்ளுங்கள். பிற்பாடு என்றைக்காவது கைரேகை மாறிவிட்டது என்று எச்சரித்தால், நீங்களே கார்டை மறுபடி எழுதியிருந்தாலொழிய மேலே போகாதீர்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பையில் பாஸ்வேர்ட் லாகினை நிறுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாற்றம் செய்த சாளரத்தை மூடாமல், இன்னொரு சாளரத்தைத் திறந்து சாவியால் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்த பிறகுதான் முதலாவதை மூட வேண்டும்.

அப்புறம் டெயில்ஸ்கேல். எங்கே இருந்தாலும் நம் கருவிகளை ஒரே தனி வலையில் இணைக்கும் சேவை. வயர்கார்டையே அடிப்படையாகக் கொண்டது, தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். பை உள்ளிருந்து வெளியே தொடர்பு கொள்வதால் வளவு தடையாக இருப்பதில்லை, ரவுட்டரில் ஒரு வாசலும் திறக்க வேண்டாம். அவர்கள் தளத்தில் லினக்ஸுக்கான ஒற்றை வரிக் கட்டளையை எடுத்துப் பையில் ஒட்டினால் நிறுவிக்கொள்ளும். அதன் உதவிப் பக்கத்தில் 'சப்நெட் ரவுட்டர்' என்ற பகுதி இருக்கிறது, பை வழியாக டிவிஆர் போன்ற வீட்டின் மற்றக் கருவிகளையும் அடைவதற்கானது அது. அதில் உள்ளபடி ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கி, 192.168.57.0/24 என்ற நம் வீட்டு வரிசையை அறிவிக்க வேண்டும். அறிவித்தால் மட்டும் போதாது. பிரவுசரில் உங்கள் டெயில்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் அந்த வழியை அனுமதிக்கவும் வேண்டும். பலர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அதே பக்கத்தில் பைக்கு மட்டும் 'கீ எக்ஸ்பயரி'யை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 180 நாளில் பை தன் உரிமையை இழந்துவிடும், அப்போது நீங்கள் சென்னையில் இருப்பீர்கள்.

டெயில்ஸ்கேலுக்குள் கூகுள் போன்ற கணக்கால்தான் நுழைகிறோம். அந்தக் கணக்கு போனால் வீடும் போகும். அதில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம்.

போனில் டெயில்ஸ்கேல் ஆப்பைப் போட்டு அதே கணக்கால் நுழையுங்கள். கேமரா ஆப்பில் பெட்டியை க்யூஆர் கோடால் சேர்க்காமல், 192.168.57.20 என்ற முகவரியால் சேருங்கள். இப்போது வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள், படம் வர வேண்டும். டெயில்ஸ்கேலை அணையுங்கள், படம் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் வேறு ஏதோ ஒரு வாசல் இன்னும் திறந்திருக்கிறது. பெரும்பாலும் டிவிஆரின் 'பிடுபி' வசதியாக இருக்கும் (நிறுவனத்தின் சர்வர் துணையோடு பார்க்கும் அந்த க்யூஆர் முறை), அதை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

போன் தொலைந்தால் நிர்வாகப் பக்கத்தில் அந்தப் போனை மட்டும் நீக்கினால் போதும். பெட்டிக்குள் யாரோ நுழைந்து படம் எடுத்து மிரட்டுகிறார்கள் என்றால் பணம் கொடுக்காதீர்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கரண்டும் மழையும்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி எப்படி இறங்கும் என்று தெரியும். ரவுட்டர், பை இரண்டுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். கரண்ட் பட்டென்று போய் வந்தால் பையின் மெமரி கார்டு கெட்டுப்போகலாம். நல்ல கார்டாக வாங்கி, வேலை முடிந்ததும் அதைப் பிரதி எடுத்து இன்னொரு கார்டில் வைத்திருங்கள். கார்டு போனால் அம்மாவோ பக்கத்து வீட்டுப் பையனோ மாற்றிச் சொருகினால் போதும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. போனில் நான்கு கறுப்புக் கட்டங்கள்தான் தெரிந்தன. அம்மா என்ன செய்கிறாள் என்று இரண்டு நாள் தெரியவில்லை. மூன்றாம் நாள் மேலத்தெரு அத்தை எப்படியோ வண்டி பிடித்து டவர் கிடைக்கிற இடத்துக்குப் போய்ப் போன் செய்தாள். "ஒங்கம்மா எங்க மாடியிலதான் இருக்கா, கவலப்படாதல."

அதிலிருந்து ரவுட்டர் இருக்கும் அலமாரியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பெட்டியை முதலில் அணைப்பது, எதைப் பிறகு போடுவது, எந்த விளக்கு பச்சையாக எரிய வேண்டும் என்று அம்மாவுக்குப் புரியும்படி பெரிய எழுத்தில். அதன் கீழே இணைப்பு கொடுத்தவரின் எண், என் எண், அத்தையின் எண். என் போனிலும் அத்தையின் எண்ணைக் கேமரா ஆப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.